ரிவர்ஸ்டன் கோபுரமும் கிளினிக் கொப்பியும்

ரத்தோட்டையில் இருந்து இலுக்கும்புரப் பக்கம் ஏறும் வீதியில் ஒரு வளைவு தாண்டியதும் குளிர்காற்று பஸ்ஸுக்குள் புகுந்துவிடும். உள்ளூர்க்காரர் ஜன்னலைச் சாத்துவார்கள். கொழும்பில் இருந்து வந்த பையன்கள் திறப்பார்கள். ரிவர்ஸ்டன் வந்துவிட்டது என்று அதிலேயே தெரிந்துகொள்ளலாம். நக்கிள்ஸ் மலைத்தொடரில், கடல்மட்டத்துக்கு 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்த உச்சியில் ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கிறது. சுற்றுலா வருபவர்கள் அதன் அடிவரை நடந்துபோய்ப் படம் எடுத்துத் திரும்புகிறார்கள். மலையின் ஒரு பக்கம் ரத்தோட்டைத் தோட்டங்களும் லயங்களும். மறுபக்கம் பிட்டவல பத்தன, காட்டோரக் கிராமங்கள், அவற்றுக்கு அப்பால் லக்கல.

கோபுரங்கள் பேசிக்கொள்ளும் நுண்ணலை நேர்கோட்டில்தான் ஓடும். மலையுச்சிக் கோபுரம் இன்னொரு மலையுச்சிக் கோபுரத்தோடு பேச வாகானது. தன் காலடியில் மடிப்புக்குள் கிடக்கும் ஊரை அது பார்க்காமலே இருந்துவிடக்கூடும். மலையில் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை. வீட்டுக்குள் கிடைக்காத சிக்னல் வேலியோரக் கல்லில் ஏறி நின்றால் கிடைக்கும். தொலைமருத்துவம் பற்றிய பேச்சும் பல வேளைகளில் இப்படித்தான் நடக்கிறது. அமைச்சும் நிறுவனமும் நன்கொடையாளரும் உச்சிக்கு உச்சி பேசிக்கொள்கிறார்கள். மடிப்புக்குள் இருப்பவருக்கு என்ன எட்டுகிறது என்பதைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

ரத்தோட்டைக்கு மேலே கொழுந்து பறிக்கும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். சீனி வருத்தம், கூடவே பிரஷர். மாதம் ஒரு தடவை கிளினிக். விடியுமுன் லயத்தில் இருந்து இறங்கி, பஸ் பிடித்து, நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, வாங்கில் காத்திருந்து, வைத்தியர் முன்னால் உட்காருவது சில நிமிடம். போன மாதம் எழுதிய அதே மருந்து கொப்பியில் மறுபடி எழுதப்படும். மருந்துக்கு இன்னொரு வரிசை. வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். மருந்துக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை, இலங்கையில் அரச வைத்தியம் இலவசம். ஆனால் அன்றைய பேரு போய்விட்டது. தோட்டத்தில் நாள் வேலையையும் அதன் சம்பளத்தையும் 'பேரு' என்றுதான் எண்ணுவார்கள். முழுப்பேரு, அரைப்பேரு என்று செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் விழும். கிளினிக் நாளில் எதுவும் விழாது.

இன்னொன்றும் உண்டு. கொப்பியில் இருப்பது ஆங்கிலம். எதிரே இருக்கும் வைத்தியர் பெரும்பாலும் சிங்களத்தில் கேட்பார். தலை சுற்றுவதையும் கண் இருட்டிக்கொண்டு வருவதையும் கால் மரத்துப்போவதையும் வேறுவேறாகச் சொல்ல அந்தப் பெண்ணுக்குத் தமிழில் சொற்கள் இருக்கின்றன. அறைக்குள் அவை ஒரே சொல்லாகச் சுருங்கி 'வருத்தம்' என்று ஆகிவிடுகின்றன. ஆக அவர் கடப்பது வீதியின் தூரத்தை மட்டுமல்ல, பேரின் தூரத்தையும் மொழியின் தூரத்தையும்தான். தொலைமருத்துவம் பற்றி எழுதப்படும் அறிக்கைகள் முதலாவதைக் கிலோமீட்டரில் அளக்கின்றன. மற்ற இரண்டையும் அளக்க அவற்றிடம் கோல் இல்லை.

இந்தத் தூரங்களுக்கு மாத்தளையில் நீண்ட வரலாறு உண்டு. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவில் இருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து வந்து சேர்ந்தது மாத்தளைக்குத்தான். வழியில் கொலராவும் காய்ச்சலும் பலரைத் தின்றன. தோட்டப் பகுதிகளின் மருத்துவத் தேவைக்கென்று 1872 இல் தனியே ஒரு சட்டம் வந்தது, 1912 இல் அது புதுப்பிக்கப்பட்டது. அதன் வழியே டிஸ்பென்சரிகளும் தோட்ட ஆஸ்பத்திரிகளும் உருவாயின. நல்லதுதான். ஆனால் அதே ஏற்பாடு தோட்டத்தாரின் உடல்நலத்தை நாட்டின் பொதுச் சுகாதாரத்தில் இருந்து பிரித்துத் தோட்டத் துரையின் கணக்கில் வைத்தது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடு வீடாகப் போகும் மருத்துவ மாதுவும் இலங்கையை உலகம் பாராட்டும் நாடாக்கியபோது, லயங்கள் அந்த வட்டத்துக்கு வெளியே வெகுகாலம் இருந்தன. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1990களில்தான். 2016 ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7 சதவீதம். பிரித்து வைத்ததன் தழும்பு இது.

வளர்முக நாடுகளில் தொலைமருத்துவம் என்றதும் வைத்தியரே இல்லாத பாலைவனக் கிராமம் ஒன்று மனதில் வருகிறது. இலங்கைக்கு அந்தப் படம் பொருந்தாது. இங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. ரத்தோட்டையில் பிரதேச வைத்தியசாலை இருக்கிறது, மாத்தளையில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது, அதற்கும் மேலே கண்டி இருக்கிறது. இல்லாதது விசேட வைத்தியரின் நேரமும், தொடர்ந்து கவனிக்கும் வசதியும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் கூட்டமாக நாட்டை விட்டுப் போனதில் அந்த நேரம் இன்னும் சுருங்கியது.

தொலைவில் இருந்து நோயைப் பார்க்கும் ஆசை புதிதன்று. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் உடலியல் அறிஞர் ஐந்தோவன் 1905 இல் ஆஸ்பத்திரி நோயாளிகளின் இதயத் துடிப்பை ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பிப் பதிவு செய்தார். 1929 இல் ஆஸ்திரேலியாவின் நடுநாட்டுப் பண்ணைவீடுகளுக்கு, காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் வானொலிப் பெட்டியைப் பொறியியலாளர் ட்ரேகர் கொடுத்தார். பறக்கும் வைத்தியர்களை அழைக்க அதுவே வழியாயிற்று. அங்கே இன்னொரு எளிய உத்தியும் இருந்தது. பண்ணைவீட்டு மருந்துப் பெட்டியில் ஒவ்வொரு மருந்துக்கும் எண் ஒட்டியிருக்கும், வைத்தியர் எண்ணைச் சொன்னால் போதும். ஆலோசனை வந்து சேருமுன்பே மருந்து அங்கே இருந்தது. இந்த ஒழுங்கு பிற்காலத்துச் செயலிகள் பலவற்றுக்கு வாய்க்கவில்லை.

நம் பக்கத்தில் 2000 மார்ச்சில் ஆந்திராவின் அரகொண்டாவில் அப்போலோ மருத்துவமனை தொடங்கிய தொலைமருத்துவ நிலையத்தை அன்றைய அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோ செயற்கைக்கோள் இணைப்போடு இந்தத் துறைக்குள் வந்தது. படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் அந்தக் காலத்துத் திட்டங்களில் நான் நின்று பார்க்க விரும்புவது அவ்வளவு புகழ் பெறாத ஒன்றை: தமிழ்நாட்டின் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை செய்த வேலையை.

டாக்டர் வெங்கடசாமி 1976 இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த், 2004 முதல் சிறு ஊர்களில் கண் பரிசோதனை மையங்களைத் திறக்கத் தொடங்கியது. ஊருக்கு ஊர் கண் வைத்தியரை வைக்க முடியாது. எனவே மையத்தில் பயிற்சி பெற்ற இளம்பெண் ஒருவர் உட்கார்ந்தார். நோயாளியின் கண்ணைக் கருவியில் பார்த்து, படம் எடுத்து, குறிப்பு எழுதி, தாய் மருத்துவமனையில் இருக்கும் வைத்தியருக்கு அனுப்புவார். பிறகு வைத்தியர் திரையில் நோயாளியோடு பேசுவார். இணைப்புக்கு வழி? பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று சாதாரண வைஃபை கருவியைத் தூரத்துக்கு ஏற்ப மாற்றியமைத்து, கோபுரத்தில் இருந்து கோபுரத்துக்குக் குறிபார்த்துக் கட்டிக் கொடுத்தது. செலவு சொற்பம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் எடுபட்ட இந்த முறை நக்கிள்ஸ் மடிப்புக்கும் பொருந்தக்கூடியது. மலை மறைக்கும் இடத்தில், இரு பக்கத்தையும் பார்க்கும் ஒரு முகட்டில் சிக்னலை வாங்கி மறுபக்கம் அனுப்பும் நிலையம் ஒன்றை வைத்தால் போதும். இன்று அரவிந்துக்கு இப்படி நூற்றுக்கு மேற்பட்ட மையங்கள்.

வைஃபை அங்கே சின்ன விஷயம். அந்தப் பெண்தான் பெரிய விஷயம். அவர் நோயாளியின் ஊர்ப் பேச்சைப் பேசுகிறார். கண்ணைத் தொட்டுப் பார்க்கிறார். வைத்தியர் சொன்னதைப் பிறகு இன்னொரு முறை சொல்கிறார். கண்ணாடி அங்கேயே கிடைக்கிறது, அறுவைக்கு எழுதினால் போக வேண்டிய நாளும் அங்கேயே குறிக்கப்படுகிறது. இந்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி 2019 நவம்பரில் தொடங்கி 2023 பெப்ரவரியில் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. அதற்கு இரண்டு வாசல்கள் உண்டு: நோயாளி வீட்டில் இருந்தே வைத்தியரை அழைக்கும் வாசல், கிராம நல்வாழ்வு மையத்தில் சுகாதார அலுவலர் பக்கத்தில் இருந்து அழைத்துக்கொடுக்கும் வாசல். ஆலோசனைகளில் பெரும்பகுதி வந்தது இரண்டாவது வாசலால். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலும் தொலைமருத்துவத்தை நேரடிச் சிகிச்சையின் இடத்தில் வைக்காமல், அதற்குத் துணையாகவே வைக்கச் சொன்னது. ஆளைத் தூக்கிவிட்டுக் கருவியை வைத்தால் மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம்.

ருவாண்டாவின் கதை வேறு பாடம். 2016 இல் அங்கே வந்த பேபில் என்ற தொலைமருத்துவச் சேவை சாதாரண பட்டன் போனிலேயே இயங்கியது, நாட்டின் மருத்துவக் காப்புறுதியோடும் இணைந்தது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிந்துகொண்டார்கள். மாநாடுகளில் எல்லாரும் அதை உதாரணம் காட்டினார்கள். 2023 இல் பிரித்தானியத் தாய்நிறுவனம் நொடித்தது, ருவாண்டாச் சேவையும் நின்றது. சேவையில் ஏற்பட்ட குறை எதுவும் இதற்குக் காரணமில்லை. இலண்டன் கம்பெனி ஒன்றின் கணக்குப்புத்தகத்தில் ஒரு கிராமத்தின் கிளினிக் தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். துரையின் கணக்கில் உடல்நலம் இருந்த காலத்தை அறிந்த மலையகத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இலங்கையில் தொலைமருத்துவம் என்ற பெயரைச் சூட்டாமலே நாம் செய்து முடித்தவை சில உண்டு. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ், இந்திய நன்கொடையில் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018 முதல் ஏனைய மாகாணங்களுக்கும் பரவியது. தொலைபேசியில் சொன்ன சொல்லுக்குப் பின்னால் ஒரு வண்டி வருகிறது என்பதால் மக்கள் அதை நம்பினார்கள். 2020 ஊரடங்கில் கிளினிக் நோயாளிகளின் மருந்துகளைத் தபால் திணைக்களம் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. அந்த ஏற்பாட்டுக்கு நாம் உரிய மதிப்புக் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம். மாதாமாதம் மாறாத மருந்துக்கு ஆளே வரத் தேவையில்லை என்பதை அது நாடளவில் காட்டியது. 2021 இல் கொவிட் நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்க்க 1390 சேவை வந்தது. மனநல உதவிக்கு 1926 இருக்கிறது. ஆனால் ஊரடங்கு முடிந்ததும் கிளினிக் வரிசைகள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன.

தனியார் பக்கம் ஓடொக், டொக்990 போன்ற செயலிகள் வந்தன. இவை 'சனல்' பண்பாட்டின் பிள்ளைகள். அரச வைத்தியர் மாலையில் தனியார் ஆஸ்பத்திரியில் உட்கார, காசு கட்டி நம்பர் எடுத்துப் பார்ப்பதைத்தான் நாம் சனல் பண்ணுவது என்கிறோம். செயலி அந்த வரிசையைக் கைத்தொலைபேசிக்குள் கொண்டுவந்தது. நகரத்தில் வேலைபார்ப்பவருக்கு அது பெரிய உதவி. ரீலோட் போடவே நாள் பார்க்கும் வீட்டுக்கு அது எட்டாது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. மலை மறைப்பது இனித் தடையில்லை, விலை மட்டும்தான் தடை. ஒரு லயக் காம்பராவுக்கு அது கட்டாது. ஒரு வைத்தியசாலைக்கோ தோட்டப் பிள்ளைக் காம்பராவுக்கோ கட்டும்.

மொழிக்கு வருகிறேன். தொலைமருத்துவம் இலங்கைக்குத் தரக்கூடிய மிகப் பெரிய உதவி இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழ் பேசும் வைத்தியரை மாத்தளைக்கு இடமாற்றம் செய்வது கடினம், செய்தாலும் அவர் நிலைப்பது அதைவிடக் கடினம். ஆனால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மருத்துவ பீடங்கள் இருக்கின்றன, அங்கே கற்றுத் தேறிய தமிழ் வைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வாரத்தில் ஒரு மாலை திரைக்கு வந்தால், ரத்தோட்டைப் பெண் தன் மயக்கத்தைத் தன் சொல்லிலேயே சொல்லலாம். பாகிஸ்தானில் 2017 இல் தொடங்கிய செஹத் கஹானி என்ற நிறுவனம் இதற்கு ஒரு முன்மாதிரி. கல்யாணத்துக்குப் பின் வேலையை விட்டு வீட்டில் இருந்த பெண் வைத்தியர்களை அது திரை வழியே கிராமத்துக் கிளினிக்குகளோடு சேர்த்தது. நோயாளியின் பக்கத்தில் ஒரு தாதி இருந்தார். பெண் நோயாளிக்குப் பெண் வைத்தியர் கிடைத்தார். இங்கே சேர்க்க வேண்டியது மொழி. யாழ்ப்பாணத் தமிழும் தோட்டத் தமிழும் ஒன்றல்ல என்பது தெரியும். சில சொற்களில் இருபக்கமும் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தை ஒரு மருத்துவ மாது இரண்டு நிமிடத்தில் தீர்த்துவைப்பார்.

இதற்கு முட்டுக்கட்டை கருவியில் இல்லை, நிர்வாகத்தில் இருக்கிறது. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தத்துக்குப் பின் சுகாதாரத்தின் பெரும்பகுதி மாகாண சபைகளிடம். ரத்தோட்டை மத்திய மாகாணம், யாழ்ப்பாணம் வடக்கு. ஒரு மாகாணத்து வைத்தியரின் நேரத்தை இன்னொரு மாகாணத்து நோயாளிக்கு எந்தச் சுற்றறிக்கையின் கீழ் எழுதுவது? யார் கொப்பியில் கையெழுத்து வைப்பது, தவறு நடந்தால் யார் பொறுப்பு? மின்னணு ஆவணத்தை ஏற்க 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, தனிப்பட்ட தரவைக் காக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மிச்சம் இருப்பது அமைச்சின் ஒரு சுற்றறிக்கை.

லயத்தில் அந்தரங்கம் என்பது எளிதான காரியமில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, பக்கத்துச் சுவரில் காது. கைத்தொலைபேசி பல வீடுகளில் புருஷனுடையது அல்லது மகனுடையது. குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றியோ அடி வாங்கியதைப் பற்றியோ மனச்சோர்வைப் பற்றியோ அங்கே இருந்துகொண்டு ஒரு பெண் பேசமாட்டார். 'வீட்டில் இருந்தபடியே வைத்தியர்' என்ற விளம்பர வாக்கியம் யாருடைய வீட்டை நினைத்து எழுதப்பட்டதோ! கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, அதில் ஒரு பெண் உதவியாளர் என்பதுதான் இங்கே வீட்டைவிடப் பாதுகாப்பு.

எதெல்லாம் திரையில் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாம்புக்கடி, பிரசவ வலி, கடும் வயிற்றுநோ, நெஞ்சுவலி ஆகியவற்றில் பேசிக்கொண்டிருப்பதே ஆபத்து, 1990 தான் வழி. வீதி இல்லாத இடத்துக்குத் தொலைமருத்துவம் ஈடாகாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டில் மண்சரிவுகளைக் கொண்டுவந்தபோது வீதியும் மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் ஒன்றாகவே அறுந்தன. மலை இடிகிற நாளில் கோபுரமும் வீதியும் தனித்தனியாக நிற்பதில்லை. லயத்துக்குப் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஓர் ஆளும் ஒரு மருந்துப் பெட்டியும் இருப்பது அன்றைக்கு எந்தச் செயலியைவிடவும் மேல். எண் ஒட்டிய பெட்டியோடு இருந்த அந்த ஆஸ்திரேலியப் பண்ணைவீடுகளின் ஞாபகம் இங்கே வருகிறது.

மீதி நிறைய இருக்கிறது. சீனி, பிரஷர் தொடர்ந்த கவனிப்பு, விழித்திரைப் படம், தோல் வருத்தம், மனநலம், ஈசிஜியை வாசித்துச் சொல்வது, விசேட வைத்தியரிடம் அனுப்பலாமா என்று பிரதேச வைத்தியசாலை வைத்தியர் கேட்டுக்கொள்வது ஆகியவை திரைக்குப் பொருந்துபவை. கடைசியாகச் சொன்னது பலருக்குத் தொலைமருத்துவமாகவே தெரிவதில்லை. அனாவசியமாகக் கண்டி வரை போய்த் திரும்பும் பயணங்களில் பலவற்றை வெட்டக்கூடியது அதுதான்.

மத்திய மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கு ஒரு வேண்டுகோள். ரத்தோட்டைப் பக்கம் ஒரே ஒரு தோட்டத்தை எடுங்கள். பிள்ளைக் காம்பராவில் கதவுள்ள ஓர் அறையை ஒதுக்குங்கள். ஒரு மருத்துவ மாதுவையும் பிரஷர், சீனி பார்க்கும் கருவிகளையும் அங்கே வையுங்கள். கிளினிக்கைக் காலையில் வைக்காதீர்கள். கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, நாலரை மணிக்கு வையுங்கள். திரையில் தமிழ் பேசும் வைத்தியர் இருக்கட்டும். மருந்தைத் தபால்காரர் கொண்டுவரட்டும், 2020 இல் அவர் கொண்டுவந்தார். ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எண்ணாமல், எத்தனை பேருக்கு அந்த நாளின் பேரு விழுந்தது என்றும் செக்ரோலை வாங்கிப் பாருங்கள்.